காரைக்குடி மாநகராட்சியின் புதிய தலைமை அலுவலகம்: மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாண்புமிகு மேயர், துணை மேயர், மாநகராட்சி ஆணையர் மற்றும் மாமன்ற உறுப்பினர்கள்,
காரைக்குடி மாநகராட்சி.

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

1928ஆம் ஆண்டு நகராட்சியாகத் தொடங்கிய நம் காரைக்குடி, 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் ஆகிய பேரூராட்சிகளும், சங்கராபுரம், கோவிலூர், இலுப்பைக்குடி, அரியக்குடி, தளக்காவூர் ஆகிய ஊராட்சிகளும் அதனோடு சேர்ந்தன. பழைய நகராட்சியின் எல்லைக்குள் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 1,06,714 பேர் வாழ்ந்தார்கள். இன்றைய எல்லையின் மக்கள்தொகை அதைவிடப் பெரிய பொறுப்பை உங்கள் தோளில் ஏற்றியிருக்கிறது. நகராட்சிக் காலத்தின் தேவைக்கு ஏற்ப வளர்ந்த அலுவலகம் இந்தப் பரப்புக்குப் போதாது என்பதிலோ, புதிய தலைமை அலுவலகம் ஒன்று வேண்டும் என்பதிலோ எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதை எங்கே கட்டுவது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, எந்தப் பணத்தில் கட்டுவது, கட்டிய பிறகு யார் பராமரிப்பது என்ற கேள்விகளுக்கு, வரைபடம் போடுவதற்கு முன்பே ஊரறிய விடை காணவேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

நான் கழனிவாசலில் குடியிருப்பவன். அரசுக் கட்டடப் பணிகளின் மதிப்பீடுகளோடும், எம்-புக் என்று எங்கள் துறையில் சொல்லும் அளவுப் புத்தகங்களோடும் பணிக்காலம் முழுவதும் பழகி ஓய்வுபெற்ற பொறியாளன். ஒரு கட்டடத்தின் குறைகளில் பெரும்பாலானவை கொத்தனார் கரண்டியை எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன என்பது அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. இடத்தை அவசரத்தில் தேர்ந்தெடுத்துவிட்டு, கிடைத்த நிதிக்கு ஏற்ப மாடிகளை அடுக்கி, திறப்பு விழாவுக்குப் பிறகுதான் தண்ணீர் எங்கிருந்து வரும், வண்டிகள் எங்கே நிற்கும் என்று யோசித்த கட்டடங்களை நம் மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் காட்டலாம்.

முதலில், இந்த முடிவில் யாருடைய குரல் இருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் காரைக்குடி நகராட்சிக்கு வாக்களித்தவர்கள் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள். கோட்டையூர், கண்டனூர் மக்கள் தத்தம் பேரூராட்சி மன்றங்களுக்கு வாக்களித்தார்கள். ஐந்து ஊராட்சிகளின் மக்கள் அந்தத் தேர்தலிலேயே பங்கேற்கவில்லை. ஆக, புதிய அலுவலகத்துக்கு வரி செலுத்தப்போகிறவர்களில் ஒரு பெரும்பகுதியினர், அதைத் தீர்மானிக்கும் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். இது யாருடைய தவறும் இல்லை. இணைப்பு இடைக்காலத்தில் நடந்ததால் ஏற்பட்ட நிலை. ஆனால் அந்த மக்களிடம் ஏற்கெனவே ஓர் அச்சம் இருக்கிறது. வீட்டு வரி கூடும், நூறு நாள் வேலை கைவிட்டுப் போகும், தெருவிளக்கு எரியவில்லை என்றால் நடந்துபோய்ச் சொல்ல ஊராட்சி அலுவலகம் இருக்காது என்பவை அரியக்குடியிலும் சங்கராபுரத்திலும் தேநீர்க் கடைகளில் கேட்கிற பேச்சு. மாநகராட்சி அவர்களுக்காகச் செய்த முதல் பெரிய செலவு, அவர்களைக் கேட்காமல் எழுப்பிய ஒரு மாளிகை என்று ஆகிவிடக்கூடாது.

கேட்பதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களையும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளையும் அமைக்க 2022இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. அலுவலகம் அமையவிருக்கும் இடத்தின் விவரமும் செலவுக் கணக்கும் அச்சிட்டு, ஒவ்வொரு பகுதி சபையிலும் படித்துக் காட்டப்படவேண்டும். சேர்ந்த ஏழு ஊர்களிலும், அங்கே வார்டு எல்லைகள் முடிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், தனித்தனியே ஒரு கூட்டம் நடத்தி அங்கே எழும் ஆட்சேபங்களை மன்றப் பொருளோடு இணைத்து வைக்கவேண்டும். இதற்கு ஆகும் காலம் ஒரு சில வாரங்கள்தான்.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம். இடத்தைத் திருத்த முடியாது. ஊருக்கு வெளியே பெரிய மனை எளிதில் கிடைக்கும் என்பதால் அலுவலகத்தைப் புறவழிச் சாலை ஓரத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் பல நகரங்களில் இருக்கிறது. காகிதத்தில் அது சிக்கனம். ஆனால் பிறப்புச் சான்றுக்கும், சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கும், கடை உரிமத்துக்கும் வருகிறவர்களில் பெரும்பாலோர் பேருந்தில் வருகிறவர்கள். கண்டனூரிலிருந்து வருகிறவரும் அரியக்குடியிலிருந்து வருகிறவரும் ஊரின் வெவ்வேறு முனைகளிலிருந்து வருகிறார்கள். இருவருக்கும் பொதுவான இடம் நகரின் நடுவில்தான் இருக்கிறது. அலுவலகம் ஒரு பக்கம் ஒதுங்கினால், மறுபக்கத்து ஊருக்கு இரண்டு பேருந்து மாறிய பிறகும் ஓர் ஆட்டோ வேண்டியிருக்கும். அந்த ஆட்டோச் செலவு மாநகராட்சியின் மதிப்பீட்டில் எந்தப் பக்கத்திலும் வராது. ஆனால் அதை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டேயிருப்பார். மனையின் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஏழு ஊர்களிலிருந்தும் அங்கே வந்து திரும்ப ஆகும் பேருந்துக் கட்டணத்தையும் நேரத்தையும் ஓர் அட்டவணையாக்கி, எந்தெந்த மனைகள் பரிசீலனையில் உள்ளனவோ அத்தனைக்கும் வெளியிடுங்கள்.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஊருணியின் வரத்துக்கால், கண்மாய்ப் புறம்போக்கு, அவற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம் ஆகியவை அரசுக்குச் சும்மா கிடைக்கிற மனை என்று கோப்பில் தோன்றும். செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பே கூரையில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, முற்றத்திலிருந்து வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும்படி வகுக்கப்பட்டது. அந்த ஊருணிகளின் மேல் அலுவலகம் எழும்பினால், ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி ஒரு குடியானவருக்கு நோட்டீஸ் அனுப்பும் உரிமையை மாநகராட்சி இழந்துவிடும். நீர்நிலைகளில் கட்டக்கூடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதால், பாதிக் கட்டுமானத்தில் தடையாணை வந்து நிற்கும் இடரும் இருக்கிறது.

அடுத்து அளவு. எத்தனை சதுர அடி என்று கேட்பதற்கு முன், எந்தெந்த வேலைகள் அந்தக் கட்டடத்துக்கு வரவே வேண்டியதில்லை என்று கேட்கவேண்டும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் செலுத்துவது, சான்றுகளுக்கு விண்ணப்பிப்பது, புகார் தருவது ஆகியவற்றைக் கோட்டையூரிலும் கண்டனூரிலும் உள்ள பழைய பேரூராட்சி அலுவலகங்களிலும், ஐந்து ஊராட்சி அலுவலகக் கட்டடங்களிலும் தொடர்ந்து நடத்தலாம். அந்தக் கட்டடங்கள் ஏற்கெனவே மக்களின் பணத்தில் எழுந்தவை, ஊருக்குப் பழக்கமானவை. அவற்றைப் பூட்டிவிட்டு எல்லாரையும் ஒரே இடத்துக்கு வரவழைத்தால் தலைமை அலுவலகம் பெரிதாகத்தான் வேண்டியிருக்கும். அவற்றைச் சேவை மையங்களாகப் புதுப்பித்து வைத்துக்கொண்டால் சிறியது போதும். சென்னை ரிப்பன் மாளிகை 1913இல் ஏழரை இலட்சம் ரூபாய் செலவில் முடிந்தது. அன்றைய பட்டணத்துக்கு அது தாராளமான கட்டடம். 2011இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்த பிறகு அதுவும் போதாமல், பக்கத்திலேயே புதிய அடுக்கு மாளிகை எழுப்பி 2015இல் திறக்க வேண்டியிருந்தது. வளாகத்தில் இடம் இருந்ததால் அது முடிந்தது. ஐம்பது ஆண்டுத் தேவையை ஊகித்து இன்றே முழுவதையும் கட்டிவிடவேண்டியதில்லை. இருபது ஆண்டுத் தேவைக்குக் கட்டி, விரிவாக்கத்துக்கான மனையையும், கூடுதல் மாடியைத் தாங்கும் அடித்தளத்தையும் விட்டுவைத்தால் போதும்.

கோயம்புத்தூரையும் எண்ணிப் பாருங்கள். அவ்வளவு பெரிய மாநகரின் மாமன்றம் 1892இல் எழுந்த விக்டோரியா மண்டபத்தில் கூடிவந்திருக்கிறது. அலுவலகம் ஓரிடத்திலும் மன்றக்கூடம் ஓரிடத்திலும் இருப்பதால் நிர்வாகம் கெட்டுவிடுவதில்லை. நம் ஊரில் இருக்கும் ஒரு பழைய பொதுக் கட்டடத்தைச் செப்பனிட்டு மன்றக்கூடமாக்க முடியுமா என்று பார்த்துவிட்டு, முடியாது என்றால் மட்டும் புதிய கூடத்துக்கு மதிப்பீடு போடலாம். எங்கே அமைந்தாலும், பொதுமக்கள் அமர்ந்து விவாதத்தைக் கேட்க ஒரு பகுதி இருக்கவேண்டும்.

வேறொரு நகரின் உள்ளாட்சி அலுவலகத்துக்கு, கணவரை இழந்த என் உறவினர் ஒருவருடன் வரிவிதிப்புப் பெயர் மாற்றத்துக்காகப் போயிருந்தேன். விண்ணப்பம் தரைத்தளத்தில், சரிபார்ப்பு இரண்டாம் மாடியில், பணம் கட்டுவது பின்கட்டில் உள்ள மற்றொரு கட்டடத்தில். மின்தூக்கி இருந்தது, ஆனால் அதன் கதவில் ஒட்டியிருந்த பழுதென்ற அறிவிப்புத் தாளே மஞ்சளாகிக் கிழிந்திருந்தது. மூட்டு வலியுள்ள அந்த அம்மா, ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்று நின்று ஏறினார். மேலே போனதும், கீழே ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்றார்கள். அங்கிருந்த எழுத்தர் கனிவாகத்தான் பேசினார். குற்றம் முழுவதும் கட்டடத்தின் அமைப்பில் இருந்தது. ஆகவே மக்கள் வரும் முகப்புகள் அனைத்தும் தரைத்தளத்தில், ஒரே கூடத்தில் இருக்கவேண்டும் என்பதைத் திட்ட அறிக்கையின் முதல் நிபந்தனையாக எழுதுங்கள். மேயர் அறையும் ஆணையர் அறையும் மேலே இருக்கட்டும். சாய்தளம், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை, பாலூட்டும் அறை, குடிநீர் ஆகியவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தாலும் பிற விதிகளாலும் எப்படியும் செய்யவேண்டியவை. அவற்றைச் சலுகையாக விளம்பரப்படுத்தத் தேவையில்லை.

இனிப் பணம். நம் மாநிலத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று கணக்குகளைத் தனித்தனியே வைத்துக்கொள்கின்றன. இப்படிப் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. அலுவலகம் முதல் கணக்கிலிருந்து கட்டப்படவேண்டியது. ஆனால் கட்டுமானம் பாதியில் நின்று ஒப்பந்தக்காரர் பட்டியலுக்குப் பணம் இல்லாதபோது, குடிநீர்க் கணக்கிலோ கல்விக் கணக்கிலோ உள்ள இருப்பைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் ஆசை எந்த உள்ளாட்சிக்கும் எழும். புதிதாகச் சேர்ந்த ஊர்களுக்குக் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இனிமேல்தான் போய்ச் சேரவேண்டும். அந்தக் கணக்கிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு ரூபாயும் கடனாகக்கூட எடுக்கப்படமாட்டாது என்று மன்றத் தீர்மானத்திலேயே எழுதிவிடவேண்டுகிறேன்.

மானியங்களைப் பற்றியும் மக்களுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். அரசு தருகிறது, நமக்கென்ன செலவு என்ற பேச்சு எளிதில் பரவும். 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கும் பரிந்துரைத்த மானியத்தில், நம் அளவிலான நகரங்களுக்கு உரிய தொகையில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. மாநில நிதி ஆணையப் பகிர்வோ பணியாளர் சம்பளத்திலும் அன்றாடச் செலவிலும் பெருமளவு கரைந்துவிடுவது. மாநில அரசு இந்தக் கட்டடத்துக்கெனத் தனியே நிதி ஒதுக்கினால் அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது எத்தனை விழுக்காடு, எத்தனை தவணை, மதிப்பீடு உயர்ந்தால் கூடுதல் தொகை யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டும். இரும்பு, சிமெண்ட் விலை ஏறி, திருத்திய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கேட்டு ஆண்டுக்கணக்கில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சத் தொகைக்குக் கடன் வாங்குவதானால் அதிலும் தவறில்லை. நகர்ப்புற உள்கட்டமைப்புக்குக் கடன் தருவதற்கென்றே மாநிலத்தில் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு பேச்சுக்கு, கட்டடம் 30 கோடி ரூபாய் என்றும் அதில் 10 கோடி கடன் என்றும் வைத்துக்கொள்வோம். 8 விழுக்காடு வட்டி என்றால் முதலாண்டு வட்டி மட்டும் 80 இலட்சம்; அசல் தவணை தனி. கட்டட மதிப்பில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டைப் பராமரிப்புக்கு ஒதுக்கினால் இன்னும் 60 இலட்சம். மின்கட்டணம், காவல், துப்புரவு இதில் சேரவில்லை. இந்தக் கணக்கில் நான் எடுத்துக்கொண்ட எண்கள் உதாரணத்துக்கானவை; உண்மையான எண்களைப் போட்டு இதே கணக்கை வெளியிடவேண்டியது மாநகராட்சி. அதன் பக்கத்தில், 2022இல் உயர்த்தப்பட்ட சொத்து வரியால் வந்த கூடுதல் வருவாய் எவ்வளவு, அதில் எந்தப் பங்கு இந்தக் கட்டடத்துக்குப் போகும் என்பதும் இருந்தால், வரி செலுத்துகிறவர் தன் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு புரிந்துகொள்வார்.

பராமரிப்பு என்றதும் முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுவதற்குக் கல்வெட்டு உண்டு. பராமரிப்பதற்குக் கல்வெட்டு இல்லை. சென்னை விக்டோரியா பொதுக்கூடம் 1880களில் ஊர்ப் பெரியவர்கள் பணம் திரட்டி எழுப்பிய கட்டடம். பட்டணத்தின் நாடகங்களும் கூட்டங்களும் நடந்த அந்த இடம், பிற்காலத்தில் நெடுங்காலம் போதிய கவனிப்பின்றிப் பாழடைந்து கிடந்து, பெருஞ்செலவில் மீட்கவேண்டியதாயிற்று. ஆகவே கட்டடத்துக்கான தீர்மானத்தோடு ஒரு பராமரிப்பு நிதியையும் தனி வங்கிக் கணக்கில் தொடங்கி, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கெனத் தொகை ஒதுக்குவதைக் கட்டாயமாக்குங்கள். இருபது ஆண்டு கழித்து வரும் மாமன்றம் உங்களை நன்றியோடு நினைக்கும்.

கொடையைப் பற்றிப் பேசாமல் காரைக்குடியில் பொதுக் கட்டடத்தைப் பற்றிப் பேச முடியாது. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். நகரத்தார் மரபில் வியாபார இலாபத்திலிருந்து மகமை எடுத்துவைத்துக் கோயிலுக்கும் அறத்துக்கும் செலவிட்டார்கள். மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு கோயிலுக்கு வரி வாங்கினார்கள். அந்த ஏற்பாட்டில் கணக்கு எழுதுவதும் அதைக் கூட்டத்தில் படிப்பதும் கொடையைப் போலவே முக்கியமாக இருந்தன. அதனால்தான் கொடுத்தார்கள், கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் இந்தக் கட்டடத்துக்குக் கொடுப்பார்களா என்றால், கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அலுவலக அறைகளுக்கும் முகப்புக்கும் கொடை வாங்கவேண்டாம். ஒப்பந்தக்காரர், மனை வணிகர் ஆகியோரின் பெயர் பொறித்த பலகையின் கீழ் அமர்ந்து, அவர்களுடைய கட்டட அனுமதிக் கோப்பை ஓர் அதிகாரி பார்ப்பது முறையாக இராது. வளாகத்தில் அமையும் நூலகம், பூங்கா, பொதுக்கூடம் ஆகியவற்றுக்கு மட்டும் கொடை ஏற்கலாம். மக்கள் பங்கு மூன்றில் ஒன்றாவது இருக்கவேண்டும் என்ற விதியோடு 2021இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் தொடங்கப்பட்ட நமக்கு நாமே திட்டத்தின் வழியே அவற்றைச் செய்யமுடியுமா என்றும் பார்க்கலாம். ஆலந்தூர் நகராட்சி 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது, மக்கள் கட்டினார்கள். தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களோடு கூட்டம் போட்டு, பணம் எங்கே இருக்கிறது, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். கடைவாடகையில் செலவை ஈடுகட்டலாம் என்று தரைத்தளத்தை வணிக வளாகமாக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அலுவலகத்துக்கு வருகிறவர் நிற்கவேண்டிய நிழலையும், வண்டி நிறுத்தவேண்டிய இடத்தையும் அது முதல் ஆண்டிலேயே விழுங்கிவிடும்.

கட்டடத்தின் தோற்றத்தைப் பற்றி ஊரில் பலருக்கும் ஆசை இருக்கிறது. செட்டிநாட்டு முறையில் வேண்டும் என்கிறார்கள். 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன என்பதால் அந்த ஆசை நியாயமானதே. ஆனால் கான்கிரீட் பெட்டியைக் கட்டிவிட்டு, முகப்பில் இரண்டு தூணும் ஒரு கஜலட்சுமியும் ஒட்டவைப்பது அந்த முறைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம் பழைய வீடுகளில் கற்கவேண்டியது அவை வேலை செய்யும் விதம். தடித்த சுவர் வெயிலைத் தாமதப்படுத்துகிறது. முற்றம் சூடான காற்றை மேலே விடுகிறது. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரம் நடப்பவருக்கு நிழல் தருகிறது. வாசலில் திண்ணை காத்திருப்பவரை உட்காரவைக்கிறது. இந்த நான்கையும் கொண்ட கட்டடத்துக்குக் குளிர்சாதன வசதி மன்றக்கூடத்திலும் கணினி அறையிலும் மட்டும் போதும். அதனால் மிச்சமாகும் மின்கட்டணம், நான் மேலே சொன்ன பராமரிப்பு நிதிக்குப் பெரிய துணை. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். இங்கே அது குழாயும் குழியுமாக மறைந்துவிடாமல், முற்றத்தில் விழும் மழை கண்ணுக்குத் தெரியும்படி ஊருணிக்கோ கிணற்றுக்கோ போகட்டும்.

தளத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கவேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம். அதைச் செய்யும் பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, கோல அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிய பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே காரையை நிரப்பி மட்டப்படுத்துகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவைத்துத்தான் இறுகச் செய்கிறார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போதே பளபளப்பு வந்துவிடுகிறது, நடக்க நடக்க அது கூடுகிறது. மழைக்காலத்தில் ஈரக் காலோடு ஆட்கள் நுழையும் வாசலுக்கும் சாய்தளத்துக்கும் அது வழுக்கும். அங்கே சொரசொரப்பான கருங்கல் போடவேண்டும். துறையின் விலைப்பட்டியலில் இல்லாத பொருள் என்று காரணம் காட்டி அதை நீக்கிவிடாமல், அதன் விலையைப் பொருள், கூலி என்று பிரித்துக் கணக்கிடும் தனி வீதப் பகுப்பாய்வு செய்து, மதிப்பீட்டு நிலையிலேயே ஒப்புதல் பெற்றுவிட்டால் பிறகு தணிக்கையில் சிக்கல் வராது. அந்தப் பணம் பக்கத்து ஊரின் பட்டறைகளில் கூலியாகச் சேரும்.

ஆவண அறையைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பதால் நான் பேசுகிறேன். இரண்டு பேரூராட்சிகளும் ஐந்து ஊராட்சிகளும் கலையும்போது அவற்றின் தீர்மானப் புத்தகங்கள், வீட்டு வரிப் பதிவேடுகள், மனைப்பிரிவு வரைபடங்கள் எல்லாம் மூட்டைகளாக வந்து சேரும். எந்தத் தெரு எப்போது பொதுவழியானது, எந்த ஊருணிக்கு எத்தனை ஏக்கர் என்பதற்கு நாளை ஒரு வழக்கில் அந்தக் காகிதம்தான் சாட்சி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் திரட்டிய அரிய நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டுச் சென்னைக்குப் போயின. அங்கே அவை ஆய்வு நூலகமாகப் பாதுகாக்கப்படுவது பெரும் பேறு. இருந்தாலும், அவற்றைக் காத்து வைக்க ஏற்ற ஒரு பொது இடம் அன்று இங்கே இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருவது. கரையான் ஏறாத, ஈரம் இறங்காத, தீத்தடுப்பு உள்ள ஓர் ஆவணக் காப்பறையையும், குடிமக்கள் பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு மேசையையும் திட்டத்தில் சேருங்கள். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு.

ஒப்பந்தப்புள்ளி முறை குறித்து நீளமாகச் சொல்லவேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளிகளுக்கான 1998ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, அதைப் பின்பற்றினால் போதும். வேலை தொடங்கிய பிறகு, மாதந்தோறும் எவ்வளவு வேலை முடிந்தது, எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்ற இரண்டு வரிகளைக் கட்டட மனையின் வாசலில் பலகையில் எழுதிவைக்கும் ஏற்பாடும் செய்யப்படவேண்டும். நீங்கள் தொடங்கும் பணி உங்கள் பதவிக்காலத்துக்குள் முடியாமல் போகலாம். புதிய எல்லையின் மக்கள் எல்லாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அடுத்த மாமன்றம் அதைத் தொடரவேண்டியிருக்கும். இன்றைய முடிவுகளின் காரணங்கள் எழுத்தில் இருந்தால், அவர்கள் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியிராது.

எனவே, திட்ட அறிக்கை தயாரிக்க ஆலோசகரை நியமிக்கும் தீர்மானத்துக்கு முன்னதாக, பரிசீலனையில் உள்ள மனைகளின் ஒப்பீடு, தலைமை அலுவலகத்துக்கும் ஏழு சேவை மையங்களுக்குமான பணிப்பகிர்வு, கட்டுமானத்துக்கும் கடனுக்கும் பராமரிப்புக்குமான இருபதாண்டு நிதிக் கணக்கு ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு வார்டிலும் இணைந்த ஒவ்வோர் ஊரிலும் மக்கள் முன் வைக்குமாறு மாமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அக்கணக்கைச் சரிபார்க்கவும் மனைகளை நேரில் ஆய்வு செய்யவும் ஆள் தேவைப்பட்டால், என்னைப் போல் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சிலர் இந்நகரில் இருக்கிறோம்; ஊதியம் எதுவும் பெறாமல் அப்பணியைச் செய்துதர அணியமாக உள்ளோம்.

இப்படிக்கு,
கழனிவாசலில் வசிக்கும் வரி செலுத்துவோரில் ஒருவன்,
காரைக்குடி.